தேன் என்னும் சொல்லின் விலை

தமிழில் இனிமைக்கு எல்லை காட்ட வேண்டிய இடங்களிலெல்லாம் தேன் வந்து நிற்கிறது. மொழிக்கு அடையாகிறது, குரலுக்கு உவமையாகிறது, பெண்மகவுக்குத் தேன்மொழி என்று பெயராகிறது. சித்த மருத்துவர் கசப்புச் சூரணத்தைத் தேனில் குழைத்துத் தருகிறார். கோயிலில் திருமுழுக்குக்குரிய பொருள்களுள் ஒன்றாகவும், பஞ்சாமிர்தத்தின் உறுப்பாகவும் அது அமைகிறது. இவற்றினும் கருதத்தக்கது பிறிதொன்று உண்டு. மலைத்தேன், கொம்புத்தேன், பெட்டித்தேன், கொசுத்தேன் என்று தமிழர் அதனை வகைப்படுத்தி வழங்கினர். பாறையில் கட்டியதா, கிளையில் கட்டியதா, மனிதன் வைத்த பெட்டியில் சேர்ந்ததா, கொசுவளவே உள்ள சிறு தேனீ தந்ததா என்பதை அப்பெயர்களே சொல்லிவிடும். தேனை விற்றவன் அது பிறந்த இடத்தையும் சேர்த்தே விற்றான்.

இன்று ஈப்போ நகரில் உணவுத் தொழில் நடத்துவோர்க்கு வந்து சேரும் விலைச்சிட்டையில் அச்சொல் வேறொரு வாழ்வு வாழ்கிறது. ‘தேன், 25 கிலோ, வாளி 1’ என்பதோடு வரி முடிந்துவிடும். மலையும் இல்லை, கொம்பும் இல்லை. அந்த வாளி ஓர் அணிச்சல் கடைக்குப் போகலாம். எலுமிச்சைச் சாற்றில் தேன் கலந்து விற்கும் பானக் கடைக்குப் போகலாம். பொரித்த கோழியின் மேல் பூசும் இனிப்புக் குழம்பைக் காய்ச்சும் கூடத்துக்குப் போகலாம். போன இடத்தில் அது மாவோடும் எண்ணெயோடும் உப்போடும் கலந்து மறைந்துவிடும். மறையாமல் எஞ்சுவது பொட்டலத்தின் மேல் அச்சிடப்பட்ட ‘தேன்’ என்னும் சொல்.

இங்கு எழும் அறவினா எளிதாகத் தோன்றி, நெருங்கிப் பார்க்கும்போது கடினமாவது. அணிச்சல் கடைக்காரர் ஒருவரைக் கற்பனை செய்து கொள்க. இருவர் அவருக்குத் தேன் தர முன்வருகின்றனர். ஒருவர் சொல்லும் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் மற்றவர் சொல்வது. பின்னவர் கையில் ஆய்வுக்கூடச் சான்றிதழும் இருக்கிறது. கடைக்காரர் அச்சான்றிதழை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு, மலிவான வாளியையே எடுக்கிறார். ‘இவ்வளவு குறைவாக எப்படிக் கொடுக்க முடிகிறது?’ என்று அவர் கேட்கவில்லை. அவர் எதையும் கலக்கவில்லை. எந்தப் பொய்யும் சொல்லவில்லை. தேன் என்று வாங்கியதைத் தேன் என்றே விற்கிறார். உண்டவர் எவரும் நோயுறவில்லை. சுவையில் வேறுபாடு கண்டவரும் இல்லை. அவர் பிழை செய்தாரா?

விடை காணுமுன் மொத்த வணிகத்தின் இயல்பை அறிதல் வேண்டும். அறியாமல் கூறும் அறம் வெறும் சினமாகவே முடியும். மலர்களில் ஊறும் இனிப்பு நீரில் பாதிக்கு மேல் பெரும்பாலும் தண்ணீரே. தேனீ அதனைக் கூட்டுக்குக் கொண்டுவந்து, தன் உடலில் சுரக்கும் நொதியைச் சேர்த்து, சிறகால் இடைவிடாது விசிறி, ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக நீர் எஞ்சும்வரை வற்றச் செய்து, மெழுகால் மூடி வைக்கிறது. மூடப்படாத அடையை அவசரப்பட்டுப் பிழிந்தால் நீர் மிகுந்து, தேன் புளித்துப் பொங்கிவிடும். வளர்ப்போர் பலரிடம் சிறிது சிறிதாகச் சேரும் தேன், 200 லிட்டர் கொள்ளும் இரும்புப் பீப்பாய்களில் நிரப்பப்படுகிறது. தேன் நீரைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு கனமானது; ஆகவே அப்பீப்பாய் ஒன்றில் 280 கிலோ அளவுக்குத் தேன் இருக்கும். ஒரு பீப்பாயில் உள்ளது கறுத்திருக்கும். மற்றொன்றில் உள்ளது வெளிறியிருக்கும். ஒன்று உறைந்து கிடக்கும். ஒன்று நீர்த்துத் தளும்பும். உணவுக் கூடமோ ஆண்டு முழுவதும் ஒரே நிறத்தையும் ஒரே சுவையையும் எதிர்பார்க்கிறது. ஆதலால் மொத்த வணிகர் பல பீப்பாய்களை ஒன்றாக்கிக் கலக்கிறார், உறையாதிருக்கவும் புளிக்காதிருக்கவும் சூடேற்றுகிறார், வடிகட்டுகிறார். இவற்றுள் எதுவும் தன்னளவில் ஏமாற்று ஆகாது. தேயிலை வணிகரும் அதைத்தான் செய்கிறார். அரிசி வணிகரும் செய்கிறார்.

ஆயினும் ஒவ்வொரு செயலிலும் தேனின் பிறப்புச் சான்று சிறிது சிறிதாக அழிகிறது. மகரந்தத் துகளும் தங்காத அளவுக்கு நுண்ணிய வடிகட்டியில் அழுத்திச் செலுத்தினால், அது எந்நாட்டு மலரில் பிறந்தது என்று நுண்ணோக்கியால் அறியும் வழியும் அடைபட்டுப் போகிறது. நேர்மையான கலப்பும் நேர்மையற்ற கலப்பும் ஒரே தொட்டியில், ஒரே கருவியால் நடைபெறுகின்றன. வெளியே நின்று பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

பேராக் மாநிலத்து மக்களுக்குத் தேன் தொலைவிலுள்ள பொருளன்று. கோலகங்சாரில் 1877இல் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளுள் ஒன்று முதுமரமாகி இன்றும் நிற்கிறது. அதன்பின் இம்மாநிலத்தில் பெருகிய தோட்டங்களில் தமிழர் பல தலைமுறைகள் வாழ்ந்தனர். ரப்பர் மரம் பால் தருவதை உலகறியும். அது தேனும் தரும் என்பதை அறிந்தோர் சிலரே. ஆண்டின் தொடக்கத்தில் இலையுதிர்ந்து புதுத்தளிர் விடும் காலத்தில், மூன்று சிற்றிலைகள் காம்போடு சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் கசியும். பூவில் பிறவாது இலையில் பிறக்கும் தேன் அது. கேரளத்திலும், குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் வட்டாரத்திலும் தேனீ வளர்ப்போர் வாழ்வு பெரிதும் இந்த ரப்பர்த் தளிரை நம்பியே அமைந்துள்ளது. 1990களின் தொடக்கத்தில் கொள்ளைநோய் ஒன்று அங்கிருந்த தேனீக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது. மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினர். மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ரப்பர்த் தேனுக்கு ஓர் இயல்பு உண்டு. அது விரைவில் உறைந்து மணல்போல் ஆகிவிடும். வாங்குவோர் பலர் அதனைக் கண்டவுடன் சர்க்கரை கலந்தது என்று ஒதுக்குவர். ஆண்டுக்கணக்கில் உறையாது பளபளக்கும் பாகினை உயர்ந்த தேன் என்று கொள்வர். நீரில் விட்டால் கரையாது அடியில் தங்க வேண்டும், தீக்குச்சியில் தோய்த்தால் எரிய வேண்டும், எறும்பு அண்டக் கூடாது என்றெல்லாம் வீட்டுக்கு வீடு ஒரு சோதனை உண்டு. இவற்றுள் ஒன்றேனும் உண்மையைக் காட்டாது. தடித்த சர்க்கரைப் பாகும் நீரில் அடியில் போய்த் தங்கும்.

பேராக்கின் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன, பல செம்பனைக்கு மாறின, சில வீட்டுமனைகளாயின. செம்பனைப் பூவில் தேனீக்கு மகரந்தம் கிடைக்கும், தேன் கிடைக்காது. அப்பனையின் மகரந்தச் சேர்க்கைக்கென்றே ஆப்பிரிக்க வண்டினம் ஒன்று 1981இல் மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது தோட்டத்து மக்கள் குடிபெயர்ந்த துயரம் கதையாகவும் கவிதையாகவும் எழுதப்பட்டுள்ளது. அதே நேரத்தில் தேனீயும் உணவிழந்தது. இன்று மலேசியர் உண்ணும் தேனில் பெரும்பகுதி கடல் கடந்து வருவது.

தேன் போயினும், தோட்டப்புற வாழ்வு இவ்வினாவுக்குப் பயன்படும் ஓர் அனுபவத்தை விட்டுச் சென்றிருக்கிறது. விடியுமுன் நிரையில் இறங்கி மரம் வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் திரட்டி, பால் கொட்டகைக்குத் தொழிலாளர் சுமந்து வருவர். அங்கே பால் அளக்கப்படும். அளவு மட்டும் போதாது; அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பதையும் காண வேண்டும். ரப்பர்ப் பால் நீரைவிட இலேசானது; தண்ணீர் சேர்ந்தால் அதன் அடர்த்தி மாறும். அம்மாற்றத்தைக் காட்டும் மெட்ரோலேக் என்னும் மிதவைக் கருவி பாலில் இறக்கிப் பார்க்கப்படும். தொழிலாளி தண்ணீர் ஊற்றியிருப்பாரோ என்று நிருவாகம் ஐயுற்றது. கிராணியார் அளவைக் குறைத்து எழுதுவாரோ என்று தொழிலாளி ஐயுற்றார். கூலி அந்த எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது. ஐயம் இருபுறமும் இருந்தது, கசப்பும் இருந்தது. ஆயினும் இருவரும் ஒரே வாளியின் முன் நின்றனர். அப்பால் எவருடையது, எந்த நிரையிலிருந்து வந்தது என்பது இருவருக்கும் தெரியும். ஏன் என்று கேட்டால் விடை சொல்ல ஒரு முகம் எதிரே இருந்தது.

தேன் வாளிக்கு அத்தகைய முகம் இல்லை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றும் பட்டினப்பாலை, வாங்குங்கால் மிகையாக வாங்காமையையும் கொடுக்குங்கால் குறைவாகக் கொடாமையையும் அவர்தம் சிறப்பாகக் கூறுவதைத் தமிழ் மாணவர் அறிவர். அச்சிறப்பு தராசினைச் சார்ந்தது. இன்றைய தேன் வணிகத்திலோ தராசு கோணுவதில்லை. 25 கிலோ என்றால் 25 கிலோவே இருக்கும். கோணுவது சிட்டையில் உள்ள சொல். தராசினைச் சரிபார்க்க முத்திரைக் கல் உண்டு. சொல்லைச் சரிபார்க்க எக்கல்லை வைப்பது?

அச்சொல் உலகச் சந்தையில் எவ்வளவு தொலைவு கோணியது என்பதற்குச் சான்றுகள் உள. அமெரிக்கா 2001இல் சீனத் தேன்மீது கடுமையான மிகைவரி விதித்தது. அதன்பின் சீனத் தேன், தன் பெயரை மாற்றிக்கொண்டு வேறு நாடுகளின் வழியே அங்கு நுழையலாயிற்று. இதில் ஈடுபட்டதாக, ஹாம்பர்க் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பெருநிறுவனத்தின் அலுவலர்கள் உட்படப் பலர்மீது 2010இல் சிகாகோ நகரில் குற்றச்சாட்டு பதிவாயிற்று. ஏய்க்கப்பட்ட வரி ஏறத்தாழ 8 கோடி அமெரிக்க வெள்ளி என்று அதில் கூறப்பட்டது. 2013இல் அமெரிக்க நிறுவனங்கள் இரண்டு தம் பங்கினை ஏற்றுத் தண்டம் செலுத்த இசைந்தன. பெயர் இரவல் கொடுத்த நாடுகளின் வரிசையில் மலேசியாவும் பேசப்பட்டது. இந்நாட்டுத் தேனீக்கள் எல்லாம் சேர்ந்து தரக்கூடியதைப் போலப் பன்மடங்கு தேன், ‘மலேசியத் தேன்’ என்னும் பெயரோடு அமெரிக்கத் துறைமுகங்களில் இறங்கியது. திருடப்பட்டது வெறும் வரிப்பணம் என்று கொள்வது போதாது. காட்டோரத்தில் பத்துப் பெட்டிகளை வைத்துப் பாடுபடும் ஒருவர்க்குரிய பெயரும் அங்கே எடுத்தாளப்பட்டது. அவர் அதனை அறியவும் இல்லை.

2020 திசம்பரில் தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் நடுவம், இந்தியச் சந்தையில் விற்ற 13 வகைத் தேன்களைச் செர்மானிய ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆராய்வித்தது. 10 வகைகள் தேறவில்லை என்று அது அறிவித்தது. நிறுவனங்கள் அதனை மறுத்தன. எல்லாச் சோதனைகளிலும் தேறக்கூடிய பாகு என்றே விளம்பரப்படுத்திச் சீனத்திலிருந்து சரக்கு விற்கப்பட்டதையும் அந்நடுவம் வெளிக்கொணர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இறக்குமதியான தேனில் எடுத்த 320 மாதிரிகளுள் 46 விழுக்காடு கலப்பட ஐயத்துக்கு உரியனவாய் இருந்தன. அவ்வறிக்கை தரும் இரு விலைகள் கருத்தில் வைக்கத்தக்கன. 2021இல் ஐரோப்பாவுக்குள் வந்த தேனின் சராசரி மதிப்பு கிலோவுக்கு 2.32 யூரோ, அரிசிப் பாகின் விலையோ 0.40 முதல் 0.60 யூரோ வரை. கலப்படத்துக்கான காரணம் முழுவதும் இவ்விரண்டு எண்களுக்கு இடையே உள்ள வெளியில் அடங்கிக் கிடக்கிறது.

அறிவியல் இதனைத் தீர்த்துவைக்காதா என்று மாணவர் கேட்கலாம். அறிவியல் பெரிதும் முயன்றே வந்திருக்கிறது. கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொள்ளும் முறை ஒன்று. தேனீக்கள் நாடும் செடிகொடிகளில் மிகப் பெரும்பாலானவற்றின் முறை வேறொன்று. அதனால் அவற்றின் சர்க்கரையிலுள்ள கரிம அணுக்களின் விகிதமும் வேறுபடும். அவ்விகிதத்தை அளந்து, தேனில் கரும்புச் சர்க்கரை கலந்திருப்பதை ஆய்வாளர் கண்டுபிடித்தனர். உடனே அரிசிப் பாகு சந்தைக்கு வந்தது. பீட்டுக் கிழங்குப் பாகு வந்தது. நெல்லும் பீட்டும் மலர்ச்செடிகளின் முறையையே பின்பற்றுவன. ஆதலால் பழைய சோதனையில் அவை சிக்கவில்லை. அவற்றைப் பிடிக்கப் புதுச் சோதனை வந்தது. அதைக் கடக்கப் புதுப் பாகு வந்தது. ‘சோதனையில் தேறியது’ என்பதும் ‘தேன்’ என்பதும் ஒரே பொருளுடைய தொடர்கள் ஆகா.

இதன் மறுபக்கம் பேராக்கிலேயே இருக்கிறது. மலாயில் கெலுலுட் எனப்படும் கொட்டாத சிறு தேனீயைத் தமிழகத்தில் கொசுத்தேனீ என்பர். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மலேசியா எங்கும் அதன் வளர்ப்பு பரவியுள்ளது. பழைய தோட்டங்களின் ஓரங்களிலும், பழத்தோப்புகளிலும் அதன் பெட்டிகளைக் காணலாம். அத்தேன் நீர்த்தது, புளிப்புடையது. தேனில் நீர் 20 விழுக்காட்டுக்கு மிகக் கூடாது என்பது அனைத்துலக உணவுத் தர விதி. கெலுலுட் தேன் அவ்விதிக்குள் அடங்காது. மலேசியா 2017இல் அதற்கெனத் தனித்தரம் வகுத்து, 35 விழுக்காடுவரை நீர் இருக்கலாம் என்று இசைந்தது. ஆக, கெலுலுட் தேன் உண்மைத் தேனாயிருந்தும் ஏட்டுத் தேர்வில் தோற்றது. ஆலையில் சமைத்த பாகு பொய்யாயிருந்தும் அதே தேர்வில் வென்றது. கெலுலுட் தேனில் டிரிகாலுலோசு என்னும் அரிய சர்க்கரை மிகுதியாக உள்ளமையை 2020இல் ஆய்வாளர் கண்டறிந்ததனால், அதன் உண்மையை அறிய ஒரு தனிவழி பிறந்தது. அதற்குமுன் அதனை வளர்த்தவர், தம் பொருள் தேன்தான் என்பதற்குத் தம் சொல்லைத் தவிர வேறு சான்று காட்ட இயலாத நிலையில் இருந்தார்.

சான்றிதழ் போதாது என்றால் கடைக்காரர் எதை நம்புவது? இவ்விடத்தில் ஒரு பழைய வழக்கு துணை செய்யும். உரோமானியச் சிந்தனையாளர் சிசரோ கி.மு. 44இல் கடமைகள் பற்றித் தாம் எழுதிய நூலில் அதனைக் கூறுகிறார். ரோட்சுத் தீவில் கொடிய பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலோடு ஒரு வணிகர் வந்து சேர்கிறார். பின்னால் வேறு பல கப்பல்களும் தானியத்தோடு வந்துகொண்டிருப்பதை அவர் வழியில் கண்டிருக்கிறார். அதனைச் சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா? பாபிலோனிய டையோசெனிசு என்னும் ஆசிரியர், சட்டம் கேட்கும் குறைகளைச் சொன்னால் போதும், பொய் கூறாது விற்கலாம் என்கிறார். அவர் மாணாக்கராகிய ஆன்டிபேட்டர், விற்பவர் அறிந்தது எதுவும் வாங்குபவர்க்கு மறைக்கப்படலாகாது என்கிறார். சிசரோ மாணாக்கரின் பக்கம் சாய்கிறார். ஆசிரியரை மாணாக்கர் மறுத்து வென்ற வழக்கு என்பதனாலும் இது வகுப்பறையில் சொல்லத்தக்கது.

அவ்வணிகருக்கும் அணிச்சல் கடைக்காரருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவர் அறிந்தும் சொல்லவில்லை. இவர் அறியவே இல்லை. அறிந்துகொள்ளக் கேட்கவும் இல்லை. இவருடைய குற்றம் சிறிதென்று தோன்றும். ஆயினும் அறியாமை இரு வகைப்படும். தேன் பிஸ்கட் வாங்கித் தின்னும் பள்ளிச் சிறுவனின் அறியாமை ஒன்று. அவனுக்கு அறியும் வாய்ப்பே இல்லை. கடைக்காரரின் அறியாமை வேறு. அது அவரே கட்டிக்கொண்ட வேலி. இரண்டு விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் அவர். மூன்றில் ஒரு பங்கு விலையில் தேனீ எதையும் செய்து தராது என்பதை அறிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. எவ்விடத்தைப் பார்க்கக் கூடாது என்று ஒருவர் துல்லியமாக அறிந்திருக்கிறாரெனில், அவ்விடத்தில் என்ன இருக்கிறது என்பதையும் அவர் ஓரளவு அறிந்தே இருக்கிறார். கோப்பிலுள்ள சான்றிதழ் அவருக்கு உண்மையைத் தெரிவிக்கும் ஏடாகப் பயன்படவில்லை. பின்னொரு நாள் எவரேனும் கேட்டால் காட்டுவதற்கு உரிய கேடயமாகப் பயன்படுகிறது. விற்றவர் தந்த எழுத்துறுதியை நம்பினேன் என்பதை ஏற்கும் சட்டங்கள் பல நாடுகளில் உள்ளன. சட்டம் அவ்வளவில் நிற்பது முறையே. அதனால் மனச்சான்றும் அவ்வளவில் நின்றுவிட வேண்டும் என்பதில்லை.

கடைக்காரர்க்காகவும் பேச வேண்டும். அடுத்த தெருவில் இன்னொரு கடை இருக்கிறது. அங்கே அதே பிஸ்கட் ஒரு வெள்ளி குறைவு. வாங்க வருவோர் பெரும்பாலும் தோட்டத்திலிருந்து நகருக்கு வந்து, மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் குடும்பத்தினர். வாடகை ஏறுகிறது, மாவின் விலை ஏறுகிறது, வேலையாள் இருவர்க்கு ஊதியம் தர வேண்டும். இந்நிலையில் உண்மைத் தேன் வாங்கிக் கடையை மூடு என்று அறிவுரை கூறுவது, பசியறியாதவர் நோன்பின் பெருமை பேசுவதை ஒக்கும்.

ஆனால் அவர் முன் உள்ளவை இரண்டு வழிகள்தாம் என்று கொள்வதில் ஒரு பிழை இருக்கிறது. மூன்றாவது வழி ஒன்றுண்டு. பிஸ்கட்டுக்கு வேண்டியது இனிப்பும் பொன்னிறமும் என்றால், சர்க்கரைப் பாகு அதனைத் தரும். குலா மலாக்கா தரும். பாகு நஞ்சன்று. அதனைப் பாகென்று சொல்லி விற்பதில் எவர்க்கும் இழிவு இல்லை. ஈப்போவின் புந்தோங் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் கச்சான் பூத்தே தொழிலால் பெயர் பெற்றன. அங்கே கடலை கடலையாகவே கண்ணுக்குத் தெரிகிறது. முறுக்கு முறுக்காகவே விற்கப்படுகிறது. மலிவான பண்டம் என்பதனால் அதன் மதிப்புக் குறைந்ததில்லை. அணிச்சல் கடைக்காரர் மலிவான பண்டத்தை விற்பது குறையன்று. அவர் பொட்டலத்தின் மேல் தேன் என்னும் சொல்லையும் வைத்துக்கொள்ள விரும்புகிறார். அச்சொல்லுக்குரிய விலையை மட்டும் கொடுக்க விரும்பவில்லை. வறுமை அவரை மலிவான பாகினை வாங்கச் செய்யலாம். அதன்மேல் தேன் என்று அச்சிடச் செய்தது வறுமையன்று. (கோயில் திருமுழுக்குக்கென்று குறைந்த விலைப்புள்ளி கேட்டுத் தேன் வாங்குவோரும் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணலாம். இறைவன் கேட்கமாட்டார் என்பது விலையைக் குறைக்க ஒரு காரணமாகுமா?)

எவர்க்கும் தீங்கு நேரவில்லையே என்னும் வாதம் இன்னும் எஞ்சி நிற்கிறது. தீங்கு நேர்கிறது; அது நேரும் இடம் கடைக்கு வெளியே இருப்பதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையோரத்தில் செமாய் இன மக்கள் காட்டுத்தேனைக் குப்பிகளில் வைத்து விற்பதுண்டு. வண்டியை நிறுத்தி இறங்குவோர் அக்குப்பியைக் கையில் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்ப்பர், குலுக்கிப் பார்ப்பர், இது உண்மைத் தேனா என்று இரண்டு மூன்று முறை கேட்பர், பின்னர் விலையைக் குறைக்கச் சொல்வர். அதே மனிதர் ஈப்போவுக்குத் திரும்பி, முத்திரையிட்ட பொட்டலத்தில் தேன் என்று அச்சிட்டிருப்பதை ஒரு வினாவும் இன்றி வாங்கிச் செல்வர். போலிகள் பெருகப் பெருக ஐயமும் பெருகுகிறது. அந்த ஐயம் அதனை உண்டாக்கிய ஆலையின் வாயிலுக்குப் போவதில்லை; ஆய்வுக்கூடச் சான்று வாங்க வசதியில்லாதவர் முன் போய் நிற்கிறது. உறைந்துபோன ரப்பர்த் தேனை வைத்திருக்கும் மார்த்தாண்டத்து வளர்ப்பாளரும், புளித்த கெலுலுட் தேனை வைத்திருக்கும் பேராக் வளர்ப்பாளரும் அதே ஐயத்துக்கு நாள்தோறும் விடை சொல்லிக்கொண்டிருக்கின்றனர். மெழுகு மூடும்வரை காத்திருந்த அவர்தம் பொறுமைக்குச் சந்தை தரும் கூலி, அரிசிப் பாகின் விலையை நோக்கி இறங்கிக்கொண்டே போகிறது. ஒரு நிலையில் பெட்டிகளைக் காலி செய்துவிட்டு வேறு வேலை தேடுவர். அப்போது உண்மைத் தேன் வேண்டும் என்று விரும்புபவர்க்கும் அது கிடைக்காது.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய விதியொன்று, கலப்புத் தேன் எந்தெந்த நாடுகளிலிருந்து எத்தனை விழுக்காடு வந்தது என்பதைப் புட்டியின் மேல் எழுத வேண்டும் என்கிறது. 2026 சூன் திங்கள் முதல் அது நடைமுறைக்கு உரியது. மலைத்தேன், கொம்புத்தேன் என்று பெயரிலேயே பிறப்பிடத்தைச் சொன்ன பழைய வழக்கத்துக்குச் சட்டம் சுற்றி வந்து சேர்ந்திருக்கிறது எனலாம். ஈப்போவின் கடைக்காரர் அத்தகைய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வாளியைக் கொண்டுவருபவரிடம் சில வினாக்களைக் கேட்டால் போதும். எந்நாட்டுத் தேன்? எம்மரம் தளிர்த்த அல்லது பூத்த திங்களில் எடுத்தது? நீர் எத்தனை விழுக்காடு? எவ்வளவு சூடேற்றப்பட்டது? கலந்த ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் சிறிதளவு எடுத்துவைத்த மாதிரிக் குப்பி உண்டா? நேர்மையான மொத்த வணிகர்க்கு இவ்வினாக்கள் புதியன அல்ல; அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு அவரிடம் விடை எழுதிய ஏடு இருக்கும்; விலையும் கூடுதலாகவே இருக்கும். மற்றவர் ‘உங்களுக்கு எதற்கு இந்த விவரமெல்லாம், சான்றிதழ்தான் கொடுத்துவிட்டேனே’ என்பார். அவர் போனபின் கடைக்காரரின் மேசைமேல் இரண்டு விலைச்சிட்டைகள் இருக்கும். அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய பொட்டலத் தாளும் இருக்கும். அதில் பெயர் எழுதும் இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கும்.